ரன்வேயில் கழன்ற செருப்பு

அடையாறு சிக்னலில் பஸ் நின்றபோது, முன் சீட்டு ஆள் தன் மனைவியிடம் சொன்னது காதில் விழுந்தது.

"செருப்ப எடுக்கத்தாம்மே திரும்பிப் போனேன். பார்த்தா பிளேன் எறங்கிக்கினு கீது."

தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றது. வெளியூரில் ஏதோ சின்ன விமான நிலையத்தில் அவருக்கு ஓடுபாதை பெருக்கும் வேலையாம். லீவில் வந்திருக்கிறார்.

"ரன்வேலயா?"

"ஆமா. பெருக்கி முடிச்சிட்டு அவசரமா ஜீப்புல ஏறுனப்போ வார் அறுந்து வுழுந்துச்சு. வெளிய வந்தப்புறம்தான் பார்த்தேன். அது அங்க கெடந்தா இஞ்சின் உள்ள இழுத்துக்கும், பிளேனே காலி."

"உன்னிய இழுத்துக்கினா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் விடவில்லை.

"டவர்ல கேட்டுட்டுத்தான் உள்ள போவணும்னு நீதானய்யா சொல்லுவ. கேட்டியா?"

"இன்னான்னு கேக்கறது? ஷூ கடிக்குதுன்னு செருப்பு போட்டுக்கினு போனதே தப்பு. சார், என் செருப்புன்னு வாக்கிடாக்கில சொன்னா அத்தினி பேரும் சிரிப்பான்."

"அப்புறம்?"

"டவர்ல என்னைப் பார்த்துட்டாங்க. எறங்காத, மேல போன்னு பைலட்டுக்குச் சொல்லிட்டாங்க. சக்கரம் என் தலைக்கு மேல போச்சு. அந்தக் காத்துல குப்புற வுழுந்தேன்."

"உள்ள ஜனம் இருந்துச்சா?"

"ஃபுல்லு."

அவள் மெதுவாகக் குனிந்து அவர் காலைப் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். இடது கால் செருப்பின் அறுந்த வாரை ஓர் ஊக்கு பிடித்துக்கொண்டிருந்தது.

"இதுவா?"

"இதான். வேற ஏது?"

பஸ் கிளம்பியது. அவள் நிமிரவே இல்லை.