வலப்பக்கத்து முருகன்

இரணியலில் புது பஸ்ஸின் முதல் ஓட்டத்துக்காக வரிசையில் நின்றோம். வண்டியின் இரு பக்கமும் ‘முருகன் துணை’ என்று எழுதி முடித்த பெயின்டரிடம் முதலாளி வந்தார்.

“ஏலே, இடப்பக்கம் முருகன் முன்னால போறாரு. வலப்பக்கம் துணை முன்னால போவுது, முருகன் பின்சக்கரத்துப் புழுதியத் திங்காரே?”

“இடத்தேருந்து வலத்துக்குத்தானே அண்ணாச்சி எழுத முடியும்?”

“வலத்தேருந்து எழுது.”

“எழுதலாம். எவன் வாசிப்பான்?”

“முருகன் வாசிப்பாரு.”

“அதுக்கு வண்டியப் பின்னாலயே ஓட்டச் சொல்லும்.”

“அப்பம் இடப்பக்கத்து முருகனுக்குப் புழுதியா?”

நல்ல நேரம் முடியப்போகிறது என்று டிரைவர் ஹாரன் அடித்தார். முதலாளி வண்டியின் முகப்பில் கட்டியிருந்த மாலையில் பாதியை அறுத்து, பின்புறம் கட்டினார்.

“முருகன் நிக்க எடந்தாம்ல முன்பக்கம். எல்லாரும் ஏறுங்க.”