எவர்சில்வர் தட்டில் எழுந்த நீலம்

விழாத் தலைமை ஏற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய சுந்தரம் ஐயா அவர்களே! முன்வரிசையில் முறுவலிக்கும் மூத்தோரே! பந்திக்கு முந்தாமல் பாசத்தோடு காத்திருக்கும் தாய்மார்களே! சன்னல் வழியே தலை நீட்டும் அல்சூர் ஏரிக்காற்றே, உனக்கும் என் வணக்கம்!

விவேக் நகரில் லேசர் எந்திரம் வைத்திருக்கும் சாமுவேல் நான். மணமகள் மோனிகா என் கடையில் உலோகத்தின்மேல் ஒளியால் ஓவியம் வரைபவள். மையுண்டா? இல்லை. வர்ணமுண்டா? இல்லை. அடுப்பில் மறந்து வைத்த எவர்சில்வர் பாத்திரத்தின் அடியில் நீலமும் பொன்னும் ஓடுமே, பார்த்ததில்லையா தாய்மார்களே? அதே மாயம்தான்! சூடு பட்ட இடத்தில் மெல்லிய படலம் எழும். படலம் மாற மாற நிறம் மாறும்.

என்ன, பின்னாலிருந்து "சுருக்கமா" என்று குரல்? பிரியாணி ஆறாது தம்பி, தம்மில்தான் இருக்கிறது!

இந்தக் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது, தெரியுமா? மோனிகா தங்கவயலில் பிறந்த கிறித்தவப் பெண். கிஷோர் பெருமாளைக் கும்பிடும் வீட்டுப் பிள்ளை. அவன் அம்மா அலர்மேல்மங்கை சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. அந்த அம்மாவுக்காக ஒரு தாம்பூலத் தட்டு செய்தாள் இந்தப் பெண். தட்டு முழுக்க விடியற்கால ஏரி. நடுவே மணமக்கள் இருவர் பெயர். கனவுக்கு ஒரு நிறம் இருந்தால் அந்த நீலம்தான்.

புடவைக்கடையில் முந்தானையை நனைத்துச் சாயம் பார்க்கும் கை சும்மா இருக்குமா? "நிக்கிற கலரா, போற கலரா பாக்கலாம். நின்னா சம்மதம்" என்று கம்பி நாரை எடுத்துத் தேய்த்துவிட்டார்கள் அம்மா! ஏரி போயிற்று. பெயர்களும் போயின.

"பாத்தியா கிஷோர்? சகுனமே சொல்லிடுச்சு. வேணாம்டா."

அழுகையை அடக்கிக்கொண்டு மோனிகா சொன்னாள்: "ஆன்ட்டி, அது மேல பூசின கலர் இல்ல. எவர்சில்வரோட தோலே அதான். தோலை உரிச்சிட்டு நிறம் எங்கேன்னு கேட்டா எப்படி? ஒரு வாட்டி கடைக்கு வந்து பாருங்க."

வந்தார்கள், ஐயா! எந்திரத்தின் கண்ணாடி மூடிக்குள் ஒளிப்புள்ளி ஓடியது. வெறும் தட்டில் நீலம் மெல்ல மெல்ல விடிந்தது.

"மை எங்கம்மா ஊத்துற?"

"ஊத்தலை ஆன்ட்டி. வேகத்தை மாத்துனா நிறம் மாறும், அவ்ளோதான்."

அம்மா கண்ணாடி மூடியருகே குனிந்தார்கள். கரையோரம் பச்சை படர்ந்தது, பொன் படர்ந்தது. நேரம் போனதே எங்களுக்குத் தெரியவில்லை. பெயர் பொறிக்கும் கட்டம் வந்ததும் அதுவரை ஒருநாளும் கேட்காத ஒன்றைக் கேட்டார்கள்.

"உங்க அம்மா பேரு என்னம்மா?"

"ரஞ்சிதம்."

"அதையும் போடு. பக்கத்துல என் பேரு. நடுவுல எடம் விடாதே, ஒட்டிப் போடு."

அவையோரே, நான் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்தத் தட்டில்தான் இரண்டு தாய்மாரும் இன்று தாம்பூலம் மாற்றினார்கள். மோனிகாவும் கிஷோரும் நீடு வாழ்க! பசியோடு கேட்ட உங்கள் பொறுமைக்கு நன்றி. அனைவருக்கும் என் அன்பு வணக்கம்!