ஊசி போடாத இருபத்திரண்டு

கோவாலாவை மரத்திலிருந்து இறக்குவது பெரிய வித்தை இல்லை. நீளக் கழியின் நுனியில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டி அதன் தலைக்கு மேல் ஆட்டினால், எரிச்சல்பட்டுத் தானே இறங்கிவிடும். பதினாறு வருடமாக அப்படித்தான் இறக்குகிறேன். ஒன்றைக்கூடக் காயப்படுத்தியதில்லை.

ஆஸ்திரேலியாவில் எங்கள் குவீன்ஸ்லாந்துப் பக்கத்தில் கிளமிடியா என்ற தொற்றுநோய் தொடாத கோவாலாக் கூட்டம் டன்வில் குன்றில் மட்டும்தான் இருந்தது. மொத்தம் நாற்பது. மற்ற இடங்களில் கண் சீழ்பிடித்து, சிறுநீர் ஒழுகிச் செத்துக்கொண்டிருந்தன. நான் கண்டுபிடித்த தடுப்பூசியைக் குன்றில் பதினெட்டுக்குப் போட்டேன். இருபத்திரண்டை ஒப்பிட்டுப் பார்க்க விட்டுவைத்தேன். மூன்று வருடமாகியும் எதற்கும் நோய் வரவில்லை. நோயே வராத இடத்தில் மருந்து வேலை செய்கிறதென்று யாரிடம் காட்டுவது? எனக்குத் தூக்கம் போயிற்று.

டல்சி ப்ரெஸ்காட் அடிபட்ட கோவாலாக்களை வீட்டில் வைத்துத் தேற்றுபவர். எல்லாவற்றுக்கும் பிஸ்கட் பெயர்தான் வைப்பார். குன்றடியில் கார் மோதிய வேஃபர் என்ற பெண் கோவாலாவை நான்கு மாதம் பார்த்துக்கொண்டார். காட்டில் விடுமுன் என்னிடம் பரிசோதனைக்குக் கொண்டுவந்தார்.

"என்ன டாக்டரே, பாஸ்போர்ட்டா அடிக்கிறீங்க, இவ்ளோ நேரம்?"

"முடிஞ்சுது டல்சி. சுத்தமா இருக்கா. கொண்டுபோய் விடுங்க."

விதிப்படி, அதைக் கண்டெடுத்த குன்றடி மரத்திலேயே விட்டார். அது உச்சிக்கு ஏறும்வரை அழுதுகொண்டே நின்றாராம்.

அடுத்த இரண்டு வருடத்தில் குன்றில் ஊசி போட்டவற்றில் இரண்டுக்கு நோய் வந்தது. போடாதவற்றில் பத்தொன்பதுக்கு. அவ்வளவு தெளிவான முடிவை நான் பார்த்ததில்லை, பெருமையாக இருந்தது. பார்வை போனவற்றை நானே வலியில்லாமல் தூங்க வைத்தேன்.

ஒருநாள் டல்சி வந்தார். கண் வீங்கியிருந்தது.

"என் வீட்ல நோய் வந்த கோவாலாக்களும் இருந்துச்சு. நான் சரியாக் கை கழுவாம வேஃபரைத் தொட்டேனோ என்னவோ. மறைக்காம சொல்லுங்க நீல், என்னாலதானா?"

"இருக்கலாம்" என்றேன்.

கோவாலாக்களை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் உரிமத்தை அவர் தானே திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்போது எந்தக் கோவாலாவையும் தொடுவதில்லை.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். வேஃபர் சுத்தம் என்று நான் சொன்னது பொய் இல்லை. பரிசோதனையில் நோய் எதுவும் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான், நோயுற்ற ஒன்றின் சீழ் தோய்ந்த பஞ்சுக்குச்சியால் வேஃபரின் கண்களையும் பின்புறத்தையும் துடைத்தேன்.

தடுப்பூசி அடுத்த மாதம் மாநிலம் முழுவதும் போகிறது. என் கட்டுரையின் நன்றிப் பட்டியலில் டல்சியின் பெயரைத்தான் முதலில் போட்டிருக்கிறேன். பார்த்தால் அவர் மனம் ஆறிவிடும்.