தொண்ணூறாவது பெண்

குறுக்கெழுத்துப் போட்டியில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் எனக்குச் சோறு இறங்காது. அவ்வளவுதான் என் குறை, இன்ஸ்பெக்டர்.

குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருடமாக நான்தான் டாக்டர். கருப்பையை மூன்று வழியில் எடுக்கலாம்: வயிற்றைக் கீறி, சிறு துளையிட்டுக் கேமரா வைத்து, அல்லது வெளியே தழும்பில்லாமல் பிறப்புறுப்பு வழியாக. எது மேல் என்று பெரிய ஊர் டாக்டர்கள் நோயாளியிடம் வலியைக் கேட்டு முடிவு செய்கிறார்கள். வலி வாய்ச்சொல். நான் கொழுந்தை வைத்துப் பார்த்தேன். ஆபரேஷனுக்குப் பின் எத்தனையாம் நாள் மலையேறினாள், எத்தனை கிலோ பறித்தாள். தராசுக்குப் பொய் தெரியாது.

வழிக்கு முப்பது பேர் என்று என் ஆய்வு. எண்பத்தொன்பது முடிந்தது. தொண்ணூறாவது பொன்னாயி; கருப்பை இறங்கிப்போனவள், மூன்றாம் வழிக்கு எழுதியிருந்தேன். அன்று காலை வந்ததோ அவள் மருமகள் கீர்த்தனா.

"அத்தைக்குப் பயம் வந்துருச்சுங்க டாக்டரய்யா. கேத்தியில இருக்கற மக ஊட்டுக்குப் போயிட்டாங்க. சொல்லிப்போட்டுப் போலாம்னு வந்தனுங்க."

தோட்டத்தில் ஒருவருக்கு முடியாவிட்டால், கூலிக்கணக்கில் பேர் அறுபடாமலிருக்க அதே வீட்டிலிருந்து பதிலாள் வேலைக்கு இறங்குவது வழக்கம். அதை நான் ஏற்படுத்தவில்லை.

கீர்த்தனாவுக்கு இருபத்துநான்கு வயது. கல்யாணமாகி ஒரு வருடம். குழந்தைக்காக வெள்ளிக்கிழமை தோறும் விரதம். "ரத்தம் கம்மியா இருக்குது, ஊசி போட்டுக்கம்மா" என்றேன். நான் சொன்னால் அங்கே யாரும் ஏன் என்று கேட்பதில்லை. தியேட்டர் பட்டியலில் பொன்னாயி என்றுதான் இருந்தது; நர்ஸ் இந்துமதி பட்டியலைப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டாள்.

இளம் உடம்பு, கொஞ்சம் சிரமப்படுத்தியது. கண் விழித்தவளிடம், உள்ளே ஒரு சதைக்கட்டி இருந்தது, எடுத்துவிட்டேன் என்றேன். முழுப்பொய்யும் இல்லை. கருப்பையும் சதைதானே.

இருபதாம் நாள் மலையேறி இருபத்தாறு கிலோ பறித்தாள். தொண்ணூறு பேரில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. நோயே இல்லாத உடம்பு, அதனால்தான் என்று யாராவது சொல்வார்கள். பொறாமைக்கு மருந்தில்லை.

இரண்டு மாதம் கழித்துப் புருஷன் ரவிக்குமாரோடு வந்தாள். இருவர் முகத்திலும் சிரிப்பு அடங்கவில்லை.

"ரெண்டு மாசமாத் தள்ளிப்போயிருச்சுங்க டாக்டரய்யா. நல்ல சேதிதானுங்களே?"

சிகிச்சையில் நோயாளிக்கு மனநிறைவு உண்டா என்று என் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. பத்துக்குப் பத்து போட்டேன்.