பழைய கண்ணாடித் துண்டு

அவைக்குத் தலைமை தாங்கும் மூத்த அறுவை மருத்துவரே, சான்றோரே, வார்டு வாசலில் காத்திருந்து கண் பூத்துப்போன தாய்மார்களே, தொண்டைத் துளையோடு முன்வரிசையில் வீற்றிருக்கும் தோழர்களே, வணக்கம்.

குரல் இழந்தோர் கூடிய அவையில் என் குரல்வளத்தைக் காட்ட வரவில்லை. என் குற்றத்தைச் சொல்ல வந்தேன்.

புற்றுநோய்க் கட்டியை மெல்லியதாய்ச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, நுண்ணோக்கியில் பார்ப்பது என் தொழில். பேருந்து நிலைய அறிவிப்பாளர் ஒருவரின் நாக்குக் கட்டி வந்தது. பார்த்தேன். என்ன கூட்டம், எத்தனை கூட்டம்! உடலின் காவல் அணுக்கள் கட்டிக்குள் புகுந்து மல்லுக்கு நின்றன. அவரிடமே காட்டினேன். "நம்ம ஆளுங்க சும்மா இல்ல போலிருக்கே டாக்டரம்மா" என்று சிரித்தார்.

அறுத்தோம், கதிர்வீச்சும் கொடுத்தோம். இரண்டாண்டில் கழுத்தில் திரும்பி வந்தது. காவலைத் தட்டியெழுப்பும் மருந்து உண்டு. உள்ளே காவல் இருந்தால்தானே எழுப்ப முடியும்? புதிதாய்ச் சதை எடுக்க வேண்டும் என்றேன். "மறுபடியும் குத்தணுமா? தண்ணியே முழுங்க முடியலம்மா" என்றார் அவர் மனைவி. மனம் இளகிவிட்டது. அலமாரியிலிருந்த பழைய கண்ணாடித் துண்டையே பார்த்து, 'காவல் உண்டு' என்று எழுதிவிட்டேன்.

ஒருநாள் நிலையத்துக்குப் போய்க் கடைசியாக ஒரு வண்டியை அறிவிக்க ஆசைப்பட்டார். "மருந்து முடியட்டும், தெம்பா போகலாம்" என்று தடுத்தவளும் நானே.

ஐந்து மாதம் அந்த மருந்தை ஏற்றினோம். கட்டி வளர்ந்தது. மூச்சுக்காகத் தொண்டையைத் திறந்தபோது கிடைத்த சதையைப் பார்த்தேன். எங்கே அந்தக் கூட்டம்? எங்கே அந்த மல்லுக்கட்டு? காவல் அணுக்கள் கட்டியின் ஓரத்திலேயே நின்றன. உள்ளே இருந்த சிலவும் சண்டையை அடக்கும் வகை. ஊர் மாறவில்லை என்று நம்பி, பழைய வரைபடத்தோடு போயிருக்கிறேன்.

என்ன கேட்கிறீர்கள் ஐயா? முன்பே பார்த்திருந்தால் பிழைத்திருப்பாரா? மாட்டார். வேறு நல்ல மருந்தும் எங்களிடம் இல்லை. இன்றும் இல்லை. ஆனால் அந்த ஐந்து மாதமும் அவருக்குக் குரல் இருந்தது ஐயா. அதை நான்தான் ஊசி நாற்காலியில் உட்காரவைத்தேன்.

கடைசியில், தொண்டையைத் திறந்து குரல் போனபின், சிலேட்டில் எழுதிக் காட்டினார்: "கூட்டம் இருக்குன்னு சொன்னீங்களே டாக்டரம்மா."

மருத்துவர்களே, திரும்பி வந்த கட்டியைத் திரும்பவும் பாருங்கள். உண்மை கசந்தாலும் அதைச் சொல்லி, இருக்கும் நாளை அவர்களிடமே கொடுங்கள்.

மூன்றாம் வரிசையில் அந்தச் சிலேட்டை மடியில் வைத்து அமர்ந்திருக்கும் அம்மாவுக்கு என் நன்றி. அவர் முகம் பார்த்து வணக்கம் சொல்ல எனக்குத் துணிவில்லை. தலை குனிந்தே சொல்கிறேன், வணக்கம்.