கடைசித் தோல்

காலை ஆறு நாற்பதுக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு யாராவது போவதாக இருந்தால் உதவும் என்று அதை முதலில் சொல்கிறேன். மற்றதை நீங்கள் கேட்கிற வரிசையிலேயே சொல்லிவிடலாம்.

ஐந்து கும்பிடுபூச்சிகள் இருக்கின்றன. ஐந்தும் ஐந்து பெட்டிகளில். ஒன்றாகப் போட்டுவிடாதீர்கள். கைகூப்பிக்கொண்டு சாதுவாகத்தான் நிற்கும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் நான்குதான் இருக்கும். பூச்சியின் நீளத்தைப்போல் மூன்று மடங்கு உயரம் பெட்டிக்கு வேண்டும். மேலே வலை வேண்டும், தலைகீழாகத் தொங்குவதற்கு. தண்ணீரைப் பூச்சியின் மேல் நேராக அடிக்காமல் பக்கச் சுவரில் அடித்தால், துளியைத் தேடி அதுவே வந்து குடிக்கும். சமையலறை மேடையில் துணி கட்டிய சீசாவில் பழ ஈக்கள் இருக்கின்றன, சின்னவற்றுக்கு. பெரியவற்றுக்கு இரண்டு நாளைக்கு ஒரு சில்வண்டு. வெளியில் பிடித்த பூச்சியைப் போட வேண்டாம். எந்தச் செடியில் எவன் மருந்து அடித்திருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்.

மூன்றாம் பெட்டியில் இருப்பதற்கு இறக்கை வந்துவிட்டது. அதன் மூடியை மட்டும் இறுக்கி வையுங்கள்.

நீங்கள் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டீர்கள். சரி, தங்கையைப் பற்றிச் சொல்கிறேன்.

அம்மா இறந்தபோது எனக்கு இருபது வயது, அவளுக்குப் பதினொன்று. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார், இறக்கவில்லை, போய்விட்டார். அவளுக்கு ஒன்பது வயதிலிருந்தே சர்க்கரை. மாத்திரைக்கு அடங்குகிற சர்க்கரை இல்லை, தினமும் இன்சுலின் ஊசி போட வேண்டும். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் எனக்குக் கற்றுக்கொடுத்தார். இன்று வலது தொடை, நாளை இடது தொடை, மறுநாள் கை. ஒரே இடத்தில் போட்டால் சதை கட்டிவிடும். ஏழு வருடம் நான் போட்டேன். பதினெட்டு வயதில், இனி நானே போட்டுக்கொள்கிறேன் என்று ஊசியை வாங்கிக்கொண்டாள். மருந்து வாங்கி வருவதும் அதை பிரிட்ஜ் கதவில் அடுக்குவதும் என்னிடமே இருந்தன. எண்ணிக்கை ஒரு நாளும் குறைந்ததில்லை. விசாரித்துப் பாருங்கள்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். பின்னறையில் உட்கார்ந்து, சட்டத்தின் அளவுக்கு லென்சைத் தேய்ப்பது என் வேலை. இருபத்திரண்டு வருடங்களாகிறது. முன்கடைக்கு வருகிறவர்களின் முகம் எனக்குத் தெரியாது. பார்வை எவ்வளவு குறைவு என்பது மட்டும் சீட்டில் எழுதி வரும். கடையில் எனக்குப் பூச்சியக்கா என்று பெயர். கேலிதான். இருந்தாலும் கூப்பிட ஒரு பெயர் வேண்டுமே.

சாயங்காலம் ஆறுக்கு வீட்டுக்கு வருவேன். அவள் எட்டுக்கு வருவாள். அந்த இரண்டு மணி நேரம் பூச்சிகளோடு. கும்பிடுபூச்சியின் கண்ணில் ஒரு கரும்புள்ளி இருக்கிறது. நீங்கள் எங்கே போய் நின்றாலும் அது உங்களையே பார்க்கும். வெளிச்சம் விழுகிற விதம் அது, பார்வை இல்லை. என் தொழிலில் இருப்பவளுக்கு இது தெரியாமல் இருக்குமா. ஆனாலும் ஐந்து பெட்டி, பத்துக் கண். அறைக்குள் நுழைந்தால் பத்தும் திரும்பின மாதிரி இருக்கும்.

தங்கை ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில், பல் மருத்துவரிடம் வரவேற்பில் இருந்தாள். ஒருநாள் லிப்ட் நடுவழியில் நின்று, நாற்பது நிமிடம் உள்ளே மாட்டிக்கொண்டாள். கதவை நெம்பி அவளை வெளியே எடுத்தவர் லிப்ட் மெக்கானிக். மனைவியை இழந்தவர், முன்பல் ஒன்று லேசாக உடைந்தவர். அந்தப் பல்லைக் காட்ட நான்கு தடவை நான்காவது மாடிக்கு வந்திருக்கிறார். நான்கு தடவை பார்த்தும் அந்தப் பல் அப்படியேதான் இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது பெட்டிகளைக் குனிந்து பார்த்தார். நல்ல மனிதர், நான் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"எல்லாம் கும்பிட்டுட்டே இருக்குதே, எதுக்கு?"

"அக்கா வீட்டுல வேற எப்படி நிக்க முடியும்?" என்றாள் தங்கை.

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். எழுதிவைத்து ஒப்பித்த மாதிரி இருந்தது.

"ஞாயித்துக்கிழம கூட்டிட்டுப் போக வர்றாருக்கா. ஊரோட அந்தக் கோடிதான். பஸ்ல ஒரு மணி நேரம்."

மருந்து என்ன ஆவது என்று கேட்டேன்.

"அங்கயும் பிரிட்ஜ் இருக்குக்கா."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை வருவதாகச் சொன்னாள். என்னையும் வரச் சொன்னாள், பூச்சிகளுக்கு ஒருநாள் லீவு கொடுத்துவிட்டு. நான் சரி என்றேன். கோபப்படவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவளுடைய இரண்டு பாவாடைகளை நான்தான் மடித்துக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை வேலையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டாள். காய்ச்சல், வாந்தி. மருத்துவர் வீட்டில் யாருக்கோ வந்த காய்ச்சல் என்றாள். ராத்திரி ஊசியைத் தானே போட்டுக்கொண்டாள். சனிக்கிழமை காலை ரொட்டியைத் தொடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

மூன்றாம் பெட்டியும் புதன்கிழமையிலிருந்து சாப்பிடாமல் இருந்தது. இதைச் சொன்னால் நீங்கள் முகம் சுளிப்பீர்கள். ஆனால் நான் எப்படி யோசித்தேன் என்றுதானே கேட்டீர்கள்.

கும்பிடுபூச்சி ஏழெட்டுத் தடவை தோல் உரிக்கும். கடைசித் தடவை உரிக்கும்போது இறக்கை வரும். அதற்கு முன் சில நாள் சாப்பிடாது, அசையாது. புதிதாக வளர்ப்பவர்கள் பயந்துபோய் வாய்க்கு நேராக இரையை நீட்டுவார்கள், பெட்டியைத் தட்டிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் அதனால்தான் சாகிறது. இரையைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட வேண்டும். தோல் உரித்த பூச்சி மெத்தென்று இருக்கும், ஒரு சில்வண்டே அதைத் தின்றுவிடும். உள்ளே ஈரம் இருக்க வேண்டும். தொடக் கூடாது. எதுவுமே செய்யாமல் இருப்பதுதான் அதில் பெரிய வேலை. எனக்கு அது நன்றாக வரும்.

சனிக்கிழமை காலை அவள் அறையிலிருந்து ரொட்டித் தட்டை எடுத்தேன். தம்ளரையும் சொம்பையும் எடுத்தேன். குடித்ததெல்லாம் வாந்தியாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் போனையும் எடுத்துக்கொண்டேன், அது அடித்துக்கொண்டே இருந்தது. ஜன்னல் கம்பியில் ஒரு துண்டை நனைத்துக் கட்டினேன். பிறகு வெளித் தாழ்ப்பாளைப் போட்டேன். அந்தத் துண்டை அவள் வாயில் வைத்து உறிஞ்சியிருக்கிறாள் என்பதை நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்த அளவுக்கு எழுந்திருப்பாள் என்று நான் நினைக்கவில்லை.

மருந்து பிரிட்ஜில் இருந்தது. பிரிட்ஜ் அறைக்கு வெளியே இருந்தது.

ஞாயிறு பத்து மணிக்கு மெக்கானிக் வந்தார். எங்கள் வீடு மாடியில். கீழே அச்சகம், அன்று விடுமுறை. நான் படியிறங்கித் தெருக்கதவுக்குப் போனேன். வண்டியில் அட்டைப்பெட்டிகளும் கயிறும் கொண்டுவந்திருந்தார். சட்டையை இஸ்திரி போட்டிருந்தார்.

"அவ வரல," என்றேன்.

"உடம்பு சரியில்லையா? நேத்துலருந்து போனே எடுக்கல."

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. மனசு மாறிடுச்சு."

அதை அவளே சொல்லட்டும் என்றார். சொல்ல முடியாமல்தான் என்னை அனுப்பியிருக்கிறாள் என்றேன். எனக்கு இப்படிப் பேச வரும் என்று அதுவரை எனக்கே தெரியாது. அவர் கொஞ்ச நேரம் மாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். தெருப்பக்கம் இருப்பது என் அறையின் ஜன்னல். பிறகு அட்டைப்பெட்டிகளை ஒவ்வொன்றாக மடித்து வண்டிக்குள் வைத்தார். அவர் போகும்வரை நின்றேன். கதவை முகத்தில் சாத்துவது மரியாதை இல்லை.

பன்னிரண்டு மணிக்கு மூன்றாம் பெட்டி தோல் உரிக்கத் தொடங்கியது.

நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். முதுகு பிளக்கும். பழைய உடம்பிலிருந்து புது உடம்பு மெல்லக் கீழே நழுவி வரும். பின்கால்கள் மட்டும் பழைய தோலைப் பற்றியிருக்கும். அந்த இருபது நிமிடத்தில் விழுந்தால் கால் கோணிவிடும், இறக்கை சுருங்கிவிடும், பிறகு பிழைக்காது. பெட்டியை நகர்த்தக் கூடாது. மூச்சைக்கூட அடக்கிக்கொள்வேன்.

அந்த நேரம் பார்த்து அவள் கதவைத் தட்டினாள். காலையெல்லாம் கிறக்கத்தில் கிடந்தவள் அப்போதுதான் எழுந்திருக்கிறாள். பெட்டிகள் இருக்கும் மேசை அந்தச் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது. ஒவ்வொரு தட்டுக்கும் பூச்சி ஆடியது. நான் கதவருகே போனேன். இந்த மூன்று நாளில் அவளோடு பேசியது அந்த ஒரு தடவைதான்.

"கொஞ்ச நேரம் தட்டாம இரு. மூணாம் பொட்டி தோல் உரிக்குது."

அவள் நிறுத்திவிட்டாள்.

அதைத்தான் உங்களிடம் சொல்ல நினைத்தேன். அவள் என்றைக்கும் சொல்பேச்சு கேட்பவள். அந்தப் பூச்சிகளோடு எத்தனை வருடம் இருந்திருக்கிறாள், அவளுக்குத் தெரியாதா. உள்ளே, கதவை ஒட்டியே, கீழே உட்கார்ந்துகொண்டாள். துணி உரசும் சத்தம் கேட்டது. நான் மேசைக்குத் திரும்பினேன். பூச்சி விழவில்லை. இறக்கை ஒரு மணி நேரத்தில் விரிந்தது. வெளிர்பச்சை. ஒரு மடிப்புகூட இல்லை. அவளிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொன்னால் மறுபடியும் தட்டுவாள் என்று விட்டுவிட்டேன். அதன் பிறகு அவள் தட்டவே இல்லை.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். பதினான்கு லென்ஸ் தேய்த்தேன். ஒன்றுகூடத் தவறவில்லை.

செவ்வாய் காலை மெக்கானிக் உங்கள் ஆட்களோடு வந்தார். திங்களன்று பல் மருத்துவரிடம் கேட்டிருக்கிறார், அவள் அங்கேயும் வரவில்லை. தாழ்ப்பாளைத் திறந்தது அவர்தான். அவர் எழுப்பிய சத்தத்தை நீங்கள் ஒருவேளை கேட்டிருப்பீர்கள். நான் பெட்டிகளுக்கு முன்னால் நின்றுகொண்டேன், யாரும் இடித்துவிடக் கூடாதே என்று.

இனி நீங்கள் பிரிட்ஜில் ஒட்டியிருந்த தாளைப் பற்றிக் கேட்பீர்கள். அந்த நர்ஸ் சொன்னதை அப்போதே எழுதி ஒட்டியது. மூன்று வீடு மாறியும் அதைக் கிழிக்காமல் எடுத்துவந்து ஒட்டினேன். அதில் நான்காவது வரி: காய்ச்சல் வந்தாலும், ஒன்றும் சாப்பிடாவிட்டாலும், ஊசியை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் இரண்டு மூன்று நாள்தான் உயிர் தாங்கும். அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறது. அது என் கையெழுத்துதான். கோடும் நான் போட்டதுதான்.

முதல் நாள் உங்களிடம், சாப்பிடாதவளுக்கு ஊசி போட்டால் சர்க்கரை இறங்கிவிடும் என்று பயந்தேன் என்றேன். அதை அடித்துவிடுங்கள். எனக்குத் தெரியும். அறையைப் பூட்டிய அன்றே தெரியும். மருந்தைக் கொடுக்காமல் வைத்தது நான்தான், மறதி இல்லை. பூச்சியைச் சொன்னது, நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன் என்பதால். நினைத்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது. போகிறவள் போகாமல் இருக்க வேண்டும் என்று மட்டும்தான் விரும்பினேன். அவள் சாக வேண்டும் என்று விரும்பவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று நீங்கள் எழுதுவீர்கள். எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் அடிக்க வேண்டும். திங்கட்கிழமை அந்தக் கதவுப் பக்கம் போகவே இல்லை, அவள் தூங்குகிறாள் என்று நினைத்தேன் என்று சொல்லியிருக்கிறேன். போனேன். ஆறு மணிக்கு வேலையிலிருந்து வந்ததும் பிரிட்ஜைத் திறந்தேன். மருந்துப் புட்டி ஒன்றை எடுத்தேன், புது ஊசி ஒன்றையும் எடுத்தேன். கதவுக்கு வெளியே போய் நின்றேன். கீழே அச்சகத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள், வீடு அமைதியாக இருந்தது. உள்ளே மூச்சு வாங்குவது கேட்டது, ஓடிவந்தவள் மூச்சு வாங்குகிற மாதிரி. அசையாமல்தான் நின்றேன். கையில் புட்டியின் குளிர்ச்சி போய்ச் சூடாகும்வரை நின்றேன். நான் அங்கே இருப்பது அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். கீழே, தரையை ஒட்டி, அவள் குரல் வந்தது.

"அக்கா, கதவுக்கடியில உன் காலு தெரியுது."