மேல் கழனி மூலை

கங்கம்மா: வரப்புலயே நில்லு தம்பி. அந்தப் புளியமரத்து மூலைக்கி மட்டும் போவாத. பாம்பு கீது.

சிராஜ்: போன தடவையும் இதாங்க்கா சொன்னீங்க. அதுக்கு வேற எடமே கெடைக்கலையா, என் கழனியிலயே குடியிருக்குது?

முனுசாமி: உன் கழனியா? பட்டா எம் பொண்டாட்டி பேர்ல கீது நைனா.

சிராஜ்: ஒரு பேச்சுக்கு சொன்னேண்ணே. கழனி உங்களது, பூச்சி மட்டும் என்னுது.

கங்கம்மா: பூச்சிதான் இல்லியே. மேல் கழனி, கீழ் கழனி ரெண்டும் எப்டி நிக்குது பாரு. எளாவூர் செக்போஸ்ட்ல நிக்கிற லாரிக்காரன் கூட திரும்பிப் பாப்பான்.

சிராஜ்: அதாங்க்கா பேஜாரு.

முனுசாமி: இன்னாது? நல்லா வெளைஞ்சா பேஜாரா?

சிராஜ்: ...டீ இருக்கா?

கங்கம்மா: தூக்குல கீது. இந்தாய்யா, தம்பிக்கி ஊத்து. மூஞ்சே சரியில்ல. நாஷ்டா துன்னியா இல்லியா?

சிராஜ்: புதுவாயல்லயே சாப்ட்டேன். அக்கா... இன்னையோட முடியுது. இனிமே நான் வர மாட்டேன்.

கங்கம்மா: ஏன்? சிப்காட்டு கம்பெனியில இன்னா சொன்னாங்க?

சிராஜ்: மருந்து தேறலன்னுட்டாங்க. அத நாளைக்கி நானே எழுதிக் குடுக்கணும். அப்புறம் மூணு வருஷம் பண்ண வேலைய மூட்ட கட்டிட்டு, பழையபடி சென்ட் பக்கம்.

முனுசாமி: சென்ட்டா? நீ பூச்சி மருந்துக் கம்பெனிதான?

சிராஜ்: முன்னயே சொன்னேனேண்ணே. துணி தொவைக்கிற லிக்விட்ல போட குட்டிக் குட்டிக் கூடு செய்வோம். கண்ணுக்கே தெரியாது. உள்ள சென்ட் இருக்கும். சட்டைய மாட்டி, கைய ஆட்டி உரசினா கூடு ஒடஞ்சு வாசனை வரும்.

கங்கம்மா: அதான் நீ கிட்ட வந்தாலே மணக்குது.

சிராஜ்: நான் அந்த மாதிரிக் கூட்டுக்குள்ள பூச்சி மருந்த வெச்சேன். இது ஒடையாது, கொஞ்சம் கொஞ்சமா கசியும். ஒரு தடவ அடிச்சா ரொம்ப நாளைக்கி நிக்கும். அடிக்கிற ஆளுக்கும் கண்ணு எரியாது, தலை சுத்தாது.

முனுசாமி: அது நெசம். கட மருந்து அடிச்சா எனுக்கு ரெண்டு நாளு சோறு எறங்காது. அன்னிக்கி அடிச்சிட்டு வந்து கூட—

கங்கம்மா: டீ ஆறுது. குடி.

சிராஜ்: என்னைக்கி அடிச்சீங்கண்ணே?

முனுசாமி: ...போன வருசம். போன வருசம் நைனா.

கங்கம்மா: அத்த உடு. ரெண்டு கழனியிலயும் உன் மருந்துதான அடிச்ச? ரெண்டும் நல்லாதான கீது? அப்புறம் எப்டி தேறலன்றாங்க?

சிராஜ்: சொல்லக் கூடாதுன்னு ரூலு. முடிஞ்சதுக்கப்புறம் இன்னா ரூலு... ரெண்டும் கம்பெனி சரக்குன்னுதான் சொன்னேன். ரெண்டும் மருந்துன்னு சொன்னேனா?

முனுசாமி: ரெண்டும் பால் மாதிரி ஒரே வெள்ளையா இருந்திச்சே.

சிராஜ்: பாத்தா அப்டித்தான் இருக்கும். கீழ் கழனிக்கி அடிச்சதுல மருந்து இருந்துச்சு. மேல் கழனிக்கி அடிச்சது வெறும் கூடு.

கங்கம்மா: வெறும் கூடுன்னா?

சிராஜ்: உள்ள மருந்து இல்லக்கா.

கங்கம்மா: ...கொஞ்சம் கூடவா?

சிராஜ்: சொட்டு கூட இல்ல. மேல் கழனிய பூச்சி தின்னணும், கீழ் கழனி தப்பிக்கணும். அந்த வித்தியாசத்தக் காட்டினாதான் மருந்து வேலை செய்யுதுன்னு நம்புவாங்க. நெல்லு சாவியா, பதராப் போனா கம்பெனி ஈடு கட்டும்னு கையெழுத்து போட்டோமே, எதுக்குன்னு நெனச்சீங்க?

முனுசாமி: நான் இன்னாத்த கண்டேன். கம்பெனிக்காரங்க எதுக்கும் ஒரு கையெழுத்து வாங்குவாங்கன்னு நெனச்சேன்.

சிராஜ்: இப்ப ரெண்டும் ஒண்ணா நிக்குது. மருந்து அடிச்சாலும் அதான், அடிக்காட்டியும் அதான்னு ஆயிடுச்சு. இந்த சொர்ணவாரி போகத்துக்கு பூச்சியே வரலன்னு சொல்லலாம்னா, பக்கத்துக் கழனியில பூச்சி தின்னு கதிரெல்லாம் வெளுத்துக் கெடக்குது.

முனுசாமி: ஆமா... அன்புராஜி கழனி பாதிக்கு மேல போச்சு.

சிராஜ்: மேல் கழனியில ஒரு பிடி வெள்ளக் கதிரு கெடச்சிருந்தா போதும்ணே. அதக் காட்டி, சம்பாவுக்கு இன்னொரு தடவ பாக்கலாம்னு கேட்டிருப்பேன். குடுத்திருப்பாங்க.

கங்கம்மா: வேற யாரும் ஒண்ணும் கேக்கலியா உன்ன?

சிராஜ்: மேனேஜரு கேட்டாரு. கழனிக்காரங்க கட மருந்து எதுனா அடிச்சிருப்பாங்களான்னு.

முனுசாமி: ...நீ இன்னா சொன்ன?

சிராஜ்: கங்கம்மாக்கா அடிக்க மாட்டேன்னு சொன்னாங்க, அடிச்சிருக்க மாட்டாங்க சார்னு சொன்னேன்.

முனுசாமி: கங்கா.

கங்கம்மா: நீ சும்மா கெட.

முனுசாமி: இல்ல மே, புள்ள நமக்கோசரம் அங்க போயி—

கங்கம்மா: சும்மா கெடய்யா. நான் பேசறேன். ...தம்பி, ஒரு நாளு இதே வரப்புல நின்னுகினு போன்ல யார்கிட்டயோ பேசினியே.

சிராஜ்: எங்க அக்கா குல்சும்கிட்ட இருக்கும். எதுக்கு?

கங்கம்மா: "இது மட்டும் புட்டுக்கிச்சுன்னா நான் காலி"ன்னு சொன்ன.

சிராஜ்: அதெல்லாம் பொலம்பலுக்கா. வேலையெல்லாம் போவாது. மூணு வருஷந்தான் போவும்.

முனுசாமி: நாங்க வேலையே போய்டும்னு நெனச்சுகினோம்.

கங்கம்மா: அதுக்கு மறுநாளு வந்து பாக்கறேன், மேல் கழனியில அங்கங்க பூச்சி அரிச்சு குருத்து காஞ்சு நிக்குது.

சிராஜ்: காஞ்சுதா? நான் வந்தப்ப ஒண்ணு கூட இல்லியே.

முனுசாமி: எப்டி இருக்கும்? நீ வரதுக்குள்ள அத்தினியும் புடுங்கி மாட்டுக்குப் போட்டுட்டாளே.

சிராஜ்: அக்கா...

கங்கம்மா: உன் மருந்துதான் வேலை செய்லன்னு நெனச்சோம் தம்பி. உன்ன நாலு பேரு எதுர்ல நிக்க வெச்சு கேப்பாங்களேன்னு... டீய வெச்சுட்டு செருப்ப மாட்டு. புளியமரத்தாண்ட போலாம். போட்டோ புடிக்கிற போன எடுத்துக்க.

சிராஜ்: பாம்பு?

கங்கம்மா: பாம்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. அன்னிக்கி இவரு மேல் கழனி பூரா கட மருந்து அடிச்சுகினே வந்தாரு, அந்த மூலைக்கி வரதுக்குள்ள டேங்கு காலியாய்டுச்சு. அங்க நீ அடிச்சது மட்டுந்தான் கீது... கதிரெல்லாம் வெளுத்து நிக்குது.